மூன்று விரல் ஓட்டை

இதைக் கேட்டுவிட்டு அர்ச்சுனன் பாவம் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். உச்சுக்கொட்ட ஊரில் போதுமான ஆட்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பி வந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வீடு தேடிப் போனார்கள். அவன் கையால் தாடை உடைந்து கிடந்தவனைப் பார்க்க அதில் பாதிப் பேர் போகவில்லை. ஊர் நியாயம் அவ்வளவுதான்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அர்ச்சுனனும் அவன் தங்கை புருஷன் அறிவழகனும் கூட்டாக வாஷ்பேசின் போட்டார்கள். மண் வாங்குவதும் கலப்பதும் சூளை பார்ப்பதும் அறிவழகன் பாடு. கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி எடுத்து, பாதி காய்ந்ததும் ஓட்டை போட்டுக் கொடுப்பது அர்ச்சுனன் பாடு. பேசினின் அடியில் தண்ணீர் இறங்குகிற ஓட்டையை மற்ற பட்டறைகளில் தகட்டுக் குழாயை வைத்து அழுத்தி எடுப்பார்கள். அர்ச்சுனன் கத்தியால்தான் கீறுவான். கீறிவிட்டு வலது கையில் மூன்று விரலைக் குவித்து உள்ளே விடுவான். இரண்டாம் கணு வரைக்கும் இறுக்கமாகப் போனால் அளவு சரி. சூளையில் வெந்து வரும்போது பேசின் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கிய ஓட்டையில், கீழே குழாய் மாட்டுகிற கப்ளிங்கும் வாஷரும் கச்சிதமாக உட்காரும். வருஷக்கணக்காக ஒரு பேசின்கூடத் தவறியதில்லை.

"ஒரு அளவுக்கட்டை செஞ்சி வச்சிக்கலாமே மச்சான்" என்று அறிவழகன் ஒருமுறை கேட்டான்.

"கட்டை தேஞ்சிப் போவும் மாப்ள. என் விரலு தேயுமா?" என்றான் அர்ச்சுனன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவனை அடக்கக்கூடிய ஒரே ஆள் தங்கை சிவசங்கரி. அம்மா போனபோது அவள் பாவாடை சட்டை போட்ட பிள்ளை. தலை வாரிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பியதிலிருந்து அறிவழகன் கையில் பிடித்துக் கொடுத்தது வரைக்கும் அர்ச்சுனன்தான். ஊரில் யாரை வேண்டுமானாலும் பகைத்துக்கொள்வான். சங்கரி முகம் சுண்டினால் அவனுக்குச் சோறு இறங்காது. அந்த ஒரு பிடிமானம்தான் அவனுக்கு இருந்தது, அதைத்தான் அவன் போட்டு உடைத்தான்.

சில வருஷமாக அவன் உடம்பு பெருத்துக்கொண்டே வந்தது. தொப்பை போடவில்லை. தாடை முன்னால் தள்ளியது, உதடு தடித்தது, பல்லுக்குப் பல் இடைவெளி விழுந்தது, குரல் கட்டையாகிப் போனது. கல்யாண மோதிரத்தை ஆக்சா பிளேடு வைத்து அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. நல்ல உழைப்பாளி, கை காய்த்துப் போயிருக்கிறது என்றார்கள். தினமும் பார்க்கிறவர்களுக்கு எது தெரிந்தது! அவன் குறட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். தலைவலி என்று நெற்றியைச் சுவரில் முட்டிக்கொள்வான். "டாக்டரப் பாக்கலாம்ங்க" என்று அவன் பெண்டாட்டி அம்பிகா கெஞ்சியபோது, "எனக்கு என்னா கேடு" என்று சோற்றுத் தட்டை வீசினான். தட்டு அவள் தோளில் பட்டு விழுந்தது.

உண்மையைச் சொன்னால் அவனுக்கு அந்த உடம்பு பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் அவன் நடந்தால் கூட்டம் வழி விட்டது. சில்லறை தராத கண்டக்டரை ஒரே அறையில் படிக்கட்டிலிருந்து கீழே தள்ளினான், ஒருத்தன்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஆள் ஐயனார் சிலையாட்டம் ஆயிட்டான் என்று டீக்கடையில் பேசியது காதில் விழுந்தபோது உள்ளுக்குள் குளிர்ந்துபோனான். பயப்படுகிறவனைப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அது நாக்கில் பட்டவன் லேசில் விடமாட்டான்.

அப்போதுதான் பேசின்கள் திரும்பி வர ஆரம்பித்தன. மங்கலம்பேட்டை ஹார்டுவேர் கடை பாய் முதலில் போனில் சொன்னார். வளைகுடாவில் சம்பாதித்துப் புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வாங்குவார்கள். கப்ளிங் ஆடுகிறது, இரட்டை வாஷர் போட்டாலும் தண்ணீர் சொட்டுகிறது என்றார். பிறகு போன் இல்லை, சரக்கே லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. "என்னாண்ணா, ஓட்டைய இவ்ளோ பெருசா போட்டிருக்கீங்க" என்று ஆட்டோக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். அர்ச்சுனன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அவன் முகத்தை ஆட்டோவின் கம்பியில் மோதினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அறிவழகன்தான் ஓடி வந்து கையைப் பிடித்தான். ஆட்டோக்காரனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் தையல் போட்டு, காலில் விழாத குறையாகக் கெஞ்சி அனுப்பியதும் அவன்தான்.

அன்று முழுக்க அர்ச்சுனன் யோசித்தான். அச்சு அதே அச்சு. கத்தி அதே கத்தி. விரல் தன் விரல். மாறக்கூடியது மண் ஒன்றுதான். களிமண்ணைக் குறைத்து, விலை மலிவான கல்மாவை ஏற்றினால் பேசின் சூளையில் சரியாகச் சுருங்காது, சுருங்காவிட்டால் ஓட்டை பெரிதாகவே நின்றுவிடும். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அதனால்தான் அந்த எண்ணம் அவனை விடாமல் கவ்விக்கொண்டது. மண்ணை வாங்குகிறவன் யார், கலக்குகிறவன் யார்? மாப்பிள்ளை கைவரிசை காட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டான்.

"அதே மண்ணு, அதே கலவைதான் மச்சான்" என்றான் அறிவழகன். "சந்தேகமா இருந்தா வெந்த பேசினோட அகலத்த அளந்து பாருங்க. சுருங்கலன்னா அகலமும் கூடியிருக்கணுமில்ல."

நியாயமான பேச்சு. ஒரு டேப்பை எடுத்து அளந்திருந்தால் அந்த நிமிஷமே விஷயம் விளங்கியிருக்கும். அர்ச்சுனன் அளக்கவில்லை. தனக்கே பாடம் எடுக்கிறான் என்று பல்லைக் கடித்தான்.

அம்பிகா பயந்துபோனாள். "கைய கிய்ய நீட்டிடாதீங்க. கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடலாம், சாமி பாத்துக்கும்" என்றாள். போலீசுக்குப் போக முடியாத வழக்கையெல்லாம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் மனுவாக எழுதிக் கட்டிவிட்டு வருவது அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். அவனும் போனான். சரக்கைக் கெடுத்தது எவனோ அவன் கை விளங்காமல் போகட்டும் என்று எழுதிக் கட்டினான். வேறு யார் என்றாலும் கட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள், சாமிக்கென்று ஒரு அவகாசம் உண்டு. இவனுக்கு அந்தப் பொறுமையும் இல்லை.

ஒரு உச்சிவேளையில் அவன் பட்டறைக்குள் நுழைந்தபோது, பாதி காய்ந்த பேசின்கள் வரிசையாக நின்றன. அறிவழகன் பச்சை ஓட்டைக்குச் சரியான அளவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாக விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாய் லொடலொடவென்று உள்ளே போய் வந்தது.

"மச்சான், மண்ணுல ஒன்னுமில்ல. வேகறதுக்கு முன்னால, பச்சையிலயே ஓட்டை பெருசாத்தான் இருக்குது" என்றான். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவன் குரலில் இருந்தது.

அர்ச்சுனன் அவனைத் தள்ளிவிட்டுத் தன் மூன்று விரலைக் குவித்து ஓட்டைக்குள் விட்டான். இரண்டாம் கணு வரைக்கும் இறுக்கமாகப் போய் நின்றது.

"இது பெருசா?"

"கோச்சிக்காதீங்க. குழாயி பொய் சொல்லாதுங்களே."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அறை விழுந்ததில் அறிவழகன் பேசின்கள் மேலேயே சாய்ந்தான். நாலைந்து பேசின் சொதசொதவென்று நசுங்கியது. எழுந்திருக்க முயன்றவனை அர்ச்சுனன் காலால் எட்டி உதைத்தான். விலாவில் பட்டது. தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, வாயில் குத்தினான், மறுபடி குத்தினான். உடைந்த பல் அர்ச்சுனனின் விரல் முட்டியில் குத்தி நின்றது. அறிவழகன் தரையில் மல்லாந்து கிடந்து, ரத்தம் கொப்பளிக்கிற வாயோடு இரண்டு கையையும் கூப்பினான். "வேணாம் மச்சான்" என்றது வார்த்தையாக வரவில்லை.

அர்ச்சுனன் சுவரோரம் போனான். சாய்த்து வைத்திருந்த பிளாஸ்டர் அச்சில் ஒரு பாதியை, ஆள் கனம் கனக்கிற வெள்ளைக் கட்டியை, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். கூப்பிய கைகளைக் காலால் பிரித்து, வலது கையைத் தரையோடு மிதித்துப் பிடித்து, மணிக்கட்டின் மேல் போட்டான். எலும்பு நொறுங்கிய சத்தம் சூளைப் பக்கம் விறகு தள்ளிக்கொண்டிருந்த பெரியவர் பாவாடைக்கே கேட்டது. அவர் ஓட்டமாக ஓடி வந்தார். அவருக்கு முன்னால் சோற்றுக் கூடையோடு உள்ளே வந்துவிட்டாள் சங்கரி.

அவள் கத்திக்கொண்டே பக்கவாட்டில் வந்து அண்ணன் தோளைப் பிடித்தாள். அர்ச்சுனன் யார் என்று பார்க்காமல் கையை வீசினான். புறங்கை அவள் கன்னத்தில் காதோடு சேர்த்து விழுந்தது. சுவரில் மோதிச் சரிந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. திரும்பிப் பார்த்தபிறகுதான் அது சங்கரி என்று அவனுக்குத் தெரிந்தது. பாவாடையும் அடுத்த பட்டறை ஆட்களும் மேலே விழுந்து அமுக்கியபோது அவன் திமிறவில்லை.

அறிவழகனின் அண்ணன் தம்பிகள் கேஸ் கொடுத்தார்கள். அர்ச்சுனன் உள்ளே போனான். அங்கே இருந்தபோதுதான் அவன் நடக்கும்போதெல்லாம் கதவு நிலையில் இடித்துக்கொள்வதைப் பார்த்து, உனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று சொன்னார்கள். ஜாமீனில் வெளியே வந்ததும் அம்பிகா அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஸ்மிருதிக்கு அவனைப் பார்த்ததுமே பாதி தெரிந்துவிட்டது. கண்ணுக்கு நேராக விரலை வைத்துப் பக்கவாட்டில் கொண்டுபோனார். இரண்டு பக்கமும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, நடுவில் மட்டும்தான் தெரிந்தது. ஸ்கேன் எடுத்து வந்தபிறகு உட்காரவைத்துச் சொன்னார்.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரினு ஒரு சுரப்பி இருக்குதுங்க. கொண்டைக்கடலை அளவுதான். உடம்பு வளர்றதுக்கான ஹார்மோன் அங்கதான் சுரக்குது. ஒரு செல்லு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். எங்க நிக்கணும்னு அதுக்கே தெரியும். உங்களுக்கு ஏதோ ஒரு செல்லு நிக்காம பிரிஞ்சிக்கிட்டே இருந்திருக்குது. இப்ப நெல்லிக்காய் அளவு கட்டி. அத்தனை செல்லும் அந்த ஹார்மோனை விடாம சுரக்குது. மேல இருக்கற கண்ணு நரம்பையும் அழுத்துது."

"கேன்சருங்களா?" என்று அம்பிகா கேட்டாள்.

"இல்லம்மா. மூக்கு வழியா எடுத்துடலாம். ஏங்க, செருப்பு சைஸு மாறிச்சா? மோதிரம் போட முடியாம போச்சா? வயசான அப்புறம் உயரமா வளர முடியாது, அதனால கை, காலு, தாடை இதுங்கதான் தடிக்கும். ரொம்ப மெதுவா நடக்கறதால யாருக்கும் தெரியாது."

அர்ச்சுனன் தன் வலது கையைப் பார்த்தான். மூன்று விரலையும் குவித்தான். மண் மாறவில்லை. சூளை மாறவில்லை. குழாய் பொய் சொல்லவில்லை. அறிவழகன் ஒரு பிடி களிமண்ணைக்கூடக் குறைக்கவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவன் அழுத அழுகையைக் கேட்டு, ஆபரேஷனுக்குப் பயப்படுகிறான் என்று நர்ஸ் தேற்ற வந்தாள்.

அம்பிகாவுக்கு விஷயம் புரிந்தபோது முதலில் பிராதுதான் ஞாபகம் வந்தது. சரக்கைக் கெடுத்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று புருஷன் தன் மேலேயே எழுதிக் கட்டிவிட்டு வந்திருக்கிறானே! மறுநாளே ஓடிப்போய், சாமி முன்னால் விழுந்து எழுந்து, பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால், டாக்டர் தனியாக இருந்த நேரம் பார்த்து அர்ச்சுனன் உள்ளே போனான். "நான் என் மாப்பிள்ளைய அடிச்சிட்டேங்க. அதுவும் இந்தக் கட்டியாலதானுங்களா?"

"தலைவலி இருக்கும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். அதெல்லாம் நோவுதான். யாரை அடிக்கணும்னு சுரப்பி சொல்லாதுங்க. அதுக்கு எங்ககிட்ட ஆபரேஷன் இல்ல" என்றார் டாக்டர்.

கட்டியை எடுத்தார்கள். தலைவலி போனது, குறட்டை குறைந்தது, இரண்டு பக்கமும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வளர்ந்த எலும்பு வளர்ந்ததுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி திரும்பிவிட்டது. பாவம், மூளையில் கட்டி, அவன் என்ன செய்வான், நோவு அடித்தது என்றார்கள். அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

சங்கரியிடமிருந்து போன் வந்தது அப்புறம்தான். கேஸ் ஆனதிலிருந்து அவள் பேசவே இல்லை. அம்பிகாதான் எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, அவருகிட்ட நான் சொல்லிச் சொல்லி ஒரு வழியா எறங்கி வந்திருக்காரு. அண்ணனுக்கு அப்ப சுயநெனவே இல்ல, நோவுதான் பண்ணுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். அண்ணன் நேர்ல வந்து அதையே ஒரு வார்த்த சொல்லட்டும். சமாதானமா போறேன்னு கையெழுத்து போட்டுடுவாரு. நானும் அந்த வூட்டுக்கு வந்து போவலாம்."

அடிபட்டபிறகு அறிவழகன் ஸ்ரீமுஷ்ணத்தில் தன் அம்மா வீட்டோடு போய்விட்டிருந்தான். அங்கே பஸ்ஸில் போகும்போது அம்பிகா வழி நெடுக அதையே படித்துப் படித்துச் சொன்னாள். தெரியலன்னு சொல்லுங்க, நெனவு இல்லன்னு சொல்லுங்க. அர்ச்சுனன் சரி சரி என்று தலையாட்டினான். சொல்வதாகத்தான் அவனும் இருந்தான்.

அறிவழகன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை மணிக்கட்டில் வளைந்து, விரல்கள் மடங்கியே நின்றன. இடது கையால் ஸ்பூனைப் பிடித்துக் கரைத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வா" என்றான். இத்தனை வருஷத்தில் வாங்க மச்சான் என்றுதான் அவன் வாயிலிருந்து வரும். அர்ச்சுனன் பாயில் உட்கார்ந்தான். சங்கரி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். அம்பிகா ஏதோ ஆரம்பித்தாள்.

"அவங்க பேச வேணாம். இவன் சொல்லட்டும்" என்றான் அறிவழகன். உடைந்த தாடையில் வார்த்தை மெதுவாகத்தான் வந்தது. "சங்கரிய அடிச்சியே, அவதான்னு தெரியுமா?"

"தெரியாது மாப்ள. பக்கத்துல வந்தது கண்ணுக்கே தெரியல. அது நோவு."

"சரி. அத நம்பறேன். நான் கீழ வுழுந்து கும்புட்டேன். அப்புறம் நீ போயி அச்சைத் தூக்கினு வந்தியே. அப்ப நான்தான்னு தெரிஞ்சுதா?"

சங்கரி அண்ணனையே பார்த்தாள். அவள் உதடு தெரியல, தெரியல என்று சத்தமில்லாமல் அசைந்தது.

அர்ச்சுனன் வாயைத் திறந்தான். அவன் நினைவில் எல்லாம் துல்லியமாக இருந்தது. சுவரோரம் நடந்துபோனது, எந்த அச்சு கனம் என்று பார்த்து எடுத்தது, திரும்பி நடந்து வந்தது. மண் கலக்குகிற கை எது என்று நிதானித்து, அதை மிதித்துப் பிடித்தது. அந்த நேரத்தில் தலைவலிகூட இல்லை. எதிரில் கோணிய தாடையோடு ஒருத்தன் பதிலுக்காகக் காத்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"தெரிஞ்சுது" என்றான். "நீதான்னு தெரிஞ்சுது. வலது கையின்னு பாத்துத்தான் போட்டேன்."

அம்பிகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அறிவழகன் ஸ்பூனைக் கீழே வைத்தான். "எனக்கும் அது தெரியும்" என்றான். "உன் கண்ண நான் பாத்தேன். நீ தெரியலன்னு சொல்லியிருந்தா, இவளுக்காகக் கையெழுத்து போட்டிருப்பேன். போட்டுட்டு ஆயுசு முழுக்க வெந்துகினு இருந்திருப்பேன். கேஸு நடக்கட்டும்." அதைச் சொன்னபிறகு அவன் முகம் தெளிந்தது. மறுபடி ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

சங்கரி அழவில்லை. முன்னால் வந்து, அர்ச்சுனன் தொடாத டீயை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணன் பண்ணல, நோவு பண்ணுச்சுன்னு மாமியாகிட்ட சொன்னேன். நாத்தனாருங்ககிட்ட சொன்னேன். இந்தத் தெருவுல ஒவ்வொரு வூட்டுலயும் சொன்னேன்" என்றாள். "அந்த ஒரு வார்த்தையில தொத்திக்கினுதான் இந்த வூட்ல நான் சோறு தின்னுகினு இருந்தேன். இப்ப நான் யாருகிட்ட என்னான்னு சொல்றது?"

"சங்கரி, அவன் மூஞ்சியப் பாத்து…"

"அவரு மூஞ்சியப் பாத்த. எம் மூஞ்சியப் பாத்தியா நீ?"

அர்ச்சுனன் அவள் பக்கம் திரும்பினான்.

"எழுந்து போ" என்றாள்.

அவனும் அம்பிகாவும் எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். உள்ளே மாமியார் என்னவோ உரக்கக் கேட்டாள். சங்கரி கதவருகே வந்து, அண்ணன் நின்ற பக்கம் பார்க்காமல், கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.